அத்ரார் மாகாணத்து மச்சாளுக்கு

நேற்றுப் பின்னேரம் பிளாசாவுக்குப் போனேன் மச்சாள். முருங்கைக்காயும் கொஞ்சம் மீனும் வாங்கத்தான் போனது. நோன்பு மாதம் என்று கடை வாசலிலேயே பேரீச்சம்பழப் பெட்டிகளை ஆள் உயரத்துக்கு அடுக்கி வைத்திருந்தார்கள். வண்டிலைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகக்கூட வழியில்லை. ஒரு பெட்டியில் அல்ஜீரியா என்று போட்டிருந்தது. கை தன்பாட்டில் போய் அதை எடுத்துவிட்டது. எடுத்த கையோடு உன் குரல் கேட்டது.

"உது பிஸ்க்ரா பக்கத்துப் பழம் மச்சாள். வடகிழக்கு. எங்கட மாகாணத்தில வேற இனம்."

எங்கட மாகாணம்! யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருத்தி அப்படிச் சொன்னால் கேட்கிறவர்கள் வட மாகாணம் என்றுதான் நினைப்பார்கள். நீ சொன்னது சகாராவுக்குள்ளே கிடக்கிற அத்ராரை. நீ கால் வைக்காத மண். ஒரு நாளும் பார்க்காத ஊர். ஆனால் அதன்ர எல்லை எது, எந்த ஊர் எந்தப் பிரிவுக்குள் வரும், எந்த அரசாங்கக் கந்தோரில் என்ன அலுவல் நடக்கும் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்லுவாய்.

பெட்டியை வாங்கிக்கொண்டுதான் வந்தேன். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். உருகின பனியும் உப்பும் சேறுமாக தெருவெல்லாம் அசிங்கம். எங்கட பில்டிங்கில் எலிவேற்றர் ஒன்று திரும்பவும் பழுது, மற்றதுக்குக் காத்து நின்றே என் முழங்கால் போய்விட்டது. எனக்கு எல்லாம் அலுத்துப் போச்சு மச்சாள், உண்மையாகத்தான் சொல்லுகிறேன். ஆனால் உனக்குச் சொல்ல ஒரு சங்கதி இருக்கிறது. அதைச் சொல்லாமல் எனக்கு நித்திரை வராது. நேராகச் சொல்லவும் வாய் வரவில்லை. கொஞ்சம் சுத்தி வளைச்சுத்தான் வருவேன், பொறுத்துக்கொள்.

ரொறன்ரோவில், சென் ஜேம்ஸ் ரவுணில் என் ஒற்றை அறை அப்பார்ட்மென்ற் உனக்கு ஞாபகம் இருக்கும். நீ பிள்ளையோடு முதலில் வந்து இறங்கினாய். தம்பி உங்கள் இருவரையும் முன்னுக்கு அனுப்பிவிட்டு, தான் பிறகு வாறன் என்று கொழும்பில் நின்றான். ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன் அவனை ஆபிரிக்காவால் சுற்றிக் கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தான். அவன் எனக்குத் தம்பி, உனக்குப் புருசன். அந்த நேரம் எங்கள் இரண்டு பேருக்கும் அவனைத் தவிர வேறு கதை இல்லை. நீ கதிரையில் இருந்து ஜன்னலால் கீழே தெருவைப் பார்ப்பாய், ஏதோ அவன் ஸ்ரீற்காரில் வந்து இறங்கப்போகிறவன் மாதிரி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரெலிபோன் அடித்தது. நான் எடுத்தேன், நீ காதை என் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டாய். இரைச்சலுக்குள் அவன்ர குரல்.

"மாலி நாட்டால வந்து அல்ஜீரியா எல்லைக்கு வந்திட்டம் அக்கா. நாளைக்கு லொறி வெளிக்கிடும். ரெக்கான் எண்டொரு ஊர். அங்க போய்ச் சேர்ந்து எடுக்கிறன். அவளிட்டச் சொல்லுங்கோ, பயப்பிட வேண்டாமெண்டு."

"இஞ்சதான் நிக்கிறன்" என்று நீ சொன்னாய். அவனுக்குக் கேட்டதோ தெரியாது. லைன் போய்விட்டது. அதுக்குப் பிறகு அவன் எடுக்கவில்லை.

முதல் மாதம் முழுக்க நாங்கள் ரெலிபோனுக்குக் காவல் இருந்தோம். ஏஜென்சிக்காரன் பிறகு நம்பரை மாற்றிக்கொண்டு போய்விட்டான். நான் அழுதேன், கத்தினேன், கோயிலுக்கு நேர்ந்தேன். நீ என்ன செய்தாய்? பிள்ளையையும் இழுத்துக்கொண்டு லைப்ரரிக்குப் போனாய். உலகப் படப் புத்தகத்தை விரித்து ரெக்கானைத் தேடினாய். ஆங்கிலம் அரைகுறை, பிரெஞ்சு சுத்தமாகத் தெரியாது. தேடிப் பிடித்து வந்து குசினி மேசையில் எனக்குக் கீறிக் காட்டினாய்.

"இஞ்ச பாருங்கோ மச்சாள். மேல மணல் மலை. நடுவில ஊருகள், வடக்கில இருந்து தெற்குக்கு ஒரு வரியில. எல்லாம் சிவப்பு மண் வீடு. நிலத்துக்குக் கீழால வாய்க்கால் வெட்டித் தண்ணி கொண்டுவருவினம், பேரீச்சைக்கு. இந்த வரி முடியிற இடம்தான் ரெக்கான். ரெக்கானுக்குக் கீழ ஒண்டுமில்லை. எல்லை வரைக்கும் தரிசு. தண்ணியில்லை, மரமில்லை."

"அந்தத் தரிசுக்குள்ளாலயோ இவன் லொறியில வாறான்?" என்று கேட்டேன்.

"ஓம். ஆனா ரெக்கானுக்கு வந்திட்டாரெண்டா ஊர். ஊரெண்டா ஆக்கள் இருப்பினம்" என்றாய்.

நீ படிக்கப் படிக்க அந்த மாகாணம் எங்கட வீட்டுக்குள் வந்துவிட்டது. இலங்கை ஆறு சேர்ந்தாலும் அது பெரிசு என்று சொன்னாய். டோர்செட் பார்க் பக்கத்தில் இந்த பில்டிங்குக்கு நாங்கள் இரண்டு பேரும் அடுத்தடுத்த மாடித் தட்டுகளுக்கு மாறி வந்தபோது, உன் குசினிச் சுவரில் நீ முதலில் ஒட்டினது சாமிப் படமில்லை, அத்ரார் மாகாணப் படம். பக்கத்தில் நின்று அரிசி கழுவிக்கொண்டே எனக்கு விளங்கப்படுத்துவாய். மாகாணத்துக்குத் தலைவர் வாலி. "எங்கட அரசாங்க அதிபர், ஜீ.ஏ. மாதிரி வைச்சுக்கொள்ளுங்கோ." அவருக்குக் கீழே தாயிரா என்று பிரிவுகள். "உது ஏ.ஜீ.ஏ., உதவி அதிபர் பிரிவு." அதுக்கும் கீழே ஊருக்கு ஊர் பலதியா. "உது எங்கட கிராமசபை. தெரு, லைட்டு, கலியாணம், பிறப்பு எல்லாம் உவையிட்டத்தான்."

யாழ்ப்பாணத்து ஜீ.ஏ. இருக்கிற கச்சேரியைச் சகாராவுக்குக் கொண்டுபோய் வைத்தவள் நீ ஒருத்திதான் மச்சாள். நான் பகிடி பண்ணுவேன். "அல்ஜீரியா ஜீ.ஏ. சுகமா இருக்கிறாரோ?" என்று கேட்டுக்கொண்டுதான் உன் வீட்டுக் கதவைத் தட்டுவேன். "இருக்கிறார், உங்களைத்தான் விசாரிச்சவர்" என்று நீயும் விடமாட்டாய்.

சித்திரை வருசம் பிறந்ததும் நீ அந்த ஜீ.ஏ.க்கு ஒரு கடிதம் எழுதுவாய். கைவிசேசக் காசு கொடுத்து, பொங்கல் சாப்பிட்டு, கையைக் கழுவிவிட்டு எழுத இருப்பாய். முதலில் ஆரோ ஆங்கிலத்தில் எழுதித் தந்தார்கள். மகள் வளர்ந்து பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படித்த பிறகு அவள்தான் எழுதினாள். "பிள்ளைக்குப் பிரெஞ்சு படிப்பிச்சதே உதுக்குத்தானோ?" என்று ஒரு நாள் கேட்டேன். நீ சிரிக்கவில்லை.

கடிதத்தில் என்ன எழுதுவாய் என்று எனக்குத் தெரியும். அவன்ர பேர், வயது, எங்கட அப்பாவின்ர பேர். இவர் உங்கள் மாகாணத்தில் வசிக்கிறாரா என்று தயவுசெய்து பார்க்கவும். வசித்தால், மனைவியும் மகளும் கனடாவில் கீழே உள்ள விலாசத்தில் இருக்கிறார்கள் என்று அவருக்குச் சொல்லவும். அவ்வளவுதான். வீடு மாறினால் புது விலாசம் போகும். ரெலிபோன் நம்பர் மாறினால் அதுவும் போகும். மகள் கலியாணம் முடித்த வருசம் அதையும் ஒரு வரி சேர்க்கச் சொன்னாய். அந்தக் கந்தோரில் இருந்து சில வருசம் மரியாதையாகப் பதில் வரும், அப்படி ஒருவர் எங்கள் மாகாணத்தில் வசிப்பதாகத் தெரியவில்லை, உங்களுக்கு எங்கள் வணக்கங்கள் என்று. சில வருசம் வராது. நீ அடுத்த சித்திரைக்குத் திரும்பவும் இருப்பாய்.

எனக்கு எரிச்சல் வரும். உள்ளதைச் சொல்லுகிறேன். எங்கட சனத்துக்கு என்ன நடந்தாலும் கச்சேரிக்குப் பெட்டிசம் எழுதினால்தான் மனம் ஆறும். தெருவில் வெள்ளம் நின்றாலும் ஜீ.ஏ., மாடு துலைந்தாலும் ஜீ.ஏ. அந்தப் பழக்கத்தை நீ அல்ஜீரியா வரைக்கும் கொண்டுபோய்விட்டாய் என்று நினைத்தேன். ஒரு மாகாணத்தை ஆளுகிறவருக்கு உன் புருசனைத் தேடுவதோ வேலை? "உனக்கு விசர்" என்று நேராகவே சொன்னேன். "இருக்கட்டும்" என்றாய்.

பிறகு அந்த அரசாங்கம் மாகாணங்களைப் பிரித்தது. அத்ராரின் தெற்கில் எல்லைப் பக்கம் தனி மாகாணமாய்ப் போனது. வடக்கிலும் ஒரு துண்டு போனது. உனக்கு வந்த கோபம்! பழைய படத்தைச் சுவரில் இருந்து கழற்றாமலே சிவப்புப் பென்சிலால் கோடு போட்டாய்.

"என்னை ஒரு வார்த்தை கேளாமல் பிரிச்சுப்போட்டாங்கள் மச்சாள். இப்ப அவர் போன் எடுத்த இடம் ஒரு மாகாணம், வாறன் எண்டு சொன்ன ரெக்கான் வேற மாகாணம்."

"இப்ப என்ன செய்யப்போறாய்?"

"இரண்டு ஜீ.ஏ.க்கும் எழுதுவன்."

நான் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணி வந்துவிட்டது. நீயும் கடைசியில் சிரித்தாய். உன் போனில் காலநிலை பார்க்கிற இடத்தில் இரண்டு ஊர் இருக்கும், ரொறன்ரோ, ரெக்கான். இங்கே மூக்கு விறைக்கிற குளிரில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, "ரெக்கானில இண்டைக்கு நல்ல வெய்யில்" என்று ஏதோ பக்கத்து ஊர் மாதிரிச் சொல்லுவாய். கோடையில் அங்கே சூடு ஏறிப்போனால் உனக்கு முகம் வாடிவிடும். "உந்தச் சூட்டுக்கு அவருக்குத் தலையிடி வரும்" என்பாய்.

உன் பொட்டைப் பற்றியும் சொல்லத்தான் வேணும். நான் என் பொட்டை ஒரு நாளில் எடுத்தவள். என்ர மனுசன் வேலைக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார், பின்னேரம் எனக்குச் சொன்னார்கள், முடிந்தது. எனக்கு யோசிக்க நேரம் இருக்கவில்லை. நீ தினம் காலமை குளித்து, கண்ணாடிக்கு முன் நின்று, குங்குமத்தை வட்டமாக வைப்பாய். வைத்த பிறகு கண்ணாடியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்பாய். அந்தக் கொஞ்ச நேரத்தில் உனக்குள் என்ன ஓடியது என்று நான் கேட்டதே இல்லை.

சனத்துக்கு வாய் சும்மா இருக்குமோ? கலியாண வீடுகளில் ஆலாத்திக்கு ஆள் கூப்பிடும்போது உன்னைத் தாண்டிப் போவார்கள். நீயும் அதுக்கு முதலே பின்வரிசையில் போய் இருந்துவிடுவாய், அவர்களுக்குச் சங்கடம் இல்லாமல். உன்ர மகளின் கலியாணத்திலேயே ஒரு அன்ரி என் காதுக்குள் வந்து, "தாய்க்காரியை விடாமல் வேற ஆரையும் எடுக்கச் சொல்லுவமே, மனுசன் இல்லாத ஆள் எல்லே" என்றா. எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. மண்டபம் கேட்கக் கத்தினேன்.

"அவ புருசன் செத்ததை ஆரும் கண்டனீங்களோ? கண்டிருந்தா முன்னுக்கு வந்து சொல்லுங்கோ."

ஒருவரும் வரவில்லை. ஆலாத்தித் தட்டைத் தூக்கி உன் கையில் தந்தேன். தட்டில் வாழைப்பழத் திரி ஆடினது. ஆனாலும் சுற்றி முடித்தாய்.

இனி நாடியா. ஒன்பதாம் தட்டில் இருக்கிற அல்ஜீரியாப் பெட்டை. ஓரான் பக்கம், கடற்கரை ஊர். தெற்குப் பக்கமே போனதில்லை என்று அவள் சொன்னபோது நீ குசினிச் சுவருக்குக் கூட்டிக்கொண்டு போய் அவளுக்கு அத்ராரைக் காட்டினாய், அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதுக்குப் பிறகு அவள் உன் ஆள். நோன்பு மாதத்தில் சூப் கொண்டு வருவாள், நீ வடை சுட்டுக் கொடுப்பாய்.

ஒரு பின்னேரம் நாங்கள் மூன்று பேரும் இருந்தபோதுதான் நீ அவளுக்குத் தம்பியின் கதையைச் சொன்னாய், உன்ர ஆங்கிலத்தில், விட்ட இடத்தை நான் நிரப்ப. அவள் கேட்டு முடித்துவிட்டு, மெதுவாகத்தான் சொன்னாள். நீங்கள் ஏன் வாலிக்கு எழுதுகிறீர்கள்? ஒரு ஆள் இறந்தாரா என்று அறிய ரெக்கான் பலதியாவைக் கேட்கவேணும். பிறப்பு இறப்புப் பதிவெல்லாம் அங்கேதான். நான் போன் எடுத்துக் கேட்கிறேன். கன நேரம் எடுக்காது.

நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். "நாளைக்கே எடுப்பம்!"

நீ சிங்கில் தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டு நின்றாய். திரும்பிப் பார்க்கவில்லை.

"வேண்டாம் மச்சாள்."

"ஏனடி வேண்டாம்?"

"பலதியாவிலதான் சாவுப் பதிவு எண்டு எனக்கு எப்பவோ தெரியும்."

தண்ணி ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் விளங்கினது. பிறப்பு அவர்களிட்ட, கலியாணம் அவர்களிட்ட என்று எனக்குப் படிப்பிக்கிற நேரம் நீ ஒரு நாளும் சாவு என்று ஒரு சொல் சொன்னதில்லை.

"தெரிஞ்சுகொண்டோ இவ்வளவு காலமும் அந்த ஜீ.ஏ.க்கு எழுதினனி?"

"ஓம். ஜீ.ஏ.யிட்ட உயிரோட இருக்கிற ஆளைத்தான் நான் விசாரிச்சனான்."

நாடியா ஒன்றும் விளங்காமல் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். உன்னை விசரி என்று நினைத்திருந்தேனே, கச்சேரிப் புத்தி என்று சிரித்தேனே. நீ எல்லாக் கந்தோரையும் அறிந்து வைத்துக்கொண்டு, பதில் இருக்கிற ஒரேயொரு கந்தோரை மட்டும் சுற்றிச் சுற்றி விலத்திப் போயிருக்கிறாய்.

"உனக்கு அவன் புருசன். எனக்கு அவன் தம்பி" என்று கத்தினேன். "இடுப்பில தூக்கி வளர்த்தனான். எனக்கு அறிய உரித்தில்லையோ?"

"இருக்கு மச்சாள்" என்று நீ தண்ணியை நிறுத்தினாய். "ஆனா நீங்கள் அறிஞ்சா எனக்கும் தெரிஞ்சிடும். உங்கட முகத்தில ஒண்டும் நிக்காது. நான் உயிரோட இருக்கும் வரைக்கும் விடுங்கோ. பிறகு உங்கட விருப்பம்."

கதவை அடித்துச் சாத்திக்கொண்டு போனேன். அதுக்குப் பிறகு கொஞ்ச நாள் உன் வீட்டுப் பக்கமே வரவில்லை. கோபம் என்றால் அப்படிக் கோபம். உன் வாழ்க்கை என்று நினைத்து என்னையும் சேர்த்து அந்தரத்தில் விட்டுவிட்டாயே என்று. கீழே லோண்ட்ரி அறையில் என் உடுப்பை ட்ரையரில் போட்டுவிட்டு மேலே போய் மறந்துவிட்டேன். திரும்ப வந்து பார்த்தால் எல்லாம் மடித்து, துவாய் தனி, சட்டை தனி, கூடைக்குள் இருந்தது. மடிப்பைப் பார்த்தாலே உன் கை என்று தெரியும். அந்தக் கூடையோடேயே உன் வீட்டுக்கு வந்தேன். "அல்ஜீரியா ஜீ.ஏ. சுகமோ?" என்று கேட்டேன். "சுகம்" என்றாய். அதைப் பற்றி நாங்கள் பிறகு கதைக்கவில்லை.

இந்த வின்ரரில் நீ ஹொஸ்பிற்றலில் கிடந்தாய். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டது. கடைசிக் கிழமை கதை குறைந்துவிட்டது. ஒரு காலமை உன் போனை எடுத்துத் தரச் சொல்லிச் சைகை காட்டினாய். கையில் பிடிக்கப் பெலன் இல்லை. "ரெக்கான் பாருங்கோ" என்றாய். பார்த்தேன். "நல்ல காலநிலை. அங்க இப்ப குளிர்காலம், இதமா இருக்கு" என்று வாசித்தேன். தலையை ஆட்டினாய். எனக்கு அழுகை வந்தது, ஆனால் என் முகத்தில் ஒன்றும் நிக்காது என்று நீ சொன்னது ஞாபகம் வர ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பியூனரல் ஹோமில் உன்னை உடுத்தப் பெண்கள் கூடினபோது, சுமங்கலியாகவோ கைம்பெண்ணாகவோ உடுத்துகிறது என்ற கேள்வி வந்தது. மகள் உன் கலியாணக் கூறைச் சீலையைக் கொண்டு வந்திருந்தாள். ஒருவரும் அதைக் கையில் எடுக்கவில்லை. ஐயர் மட்டும், பாவம், அவருக்குக் கிரியை செய்ய அறியவேணும், என்னிடம் வந்து கேட்டார்.

"அம்மாவின்ர கணவர் இருக்கிறாரோ?"

"இருக்கிறார் ஐயா."

"வந்திருக்கிறாரோ?"

"இல்லை. அவர் அல்ஜீரியாவில. அத்ரார் மாகாணம். ரெக்கான்."

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஐயர், நல்ல மனுசன், அதுக்கு மேல் ஒரு கேள்வி கேட்கவில்லை. கூறைச் சீலையை நானே பிரித்துக் கொடுத்தேன். குங்குமத்தையும் நானே எடுத்தேன். கைம்பெண் கை என்று ஆரும் முணுமுணுத்திருப்பார்கள், எனக்கு ஒரு கவலையும் இல்லை. நீ வைக்கிற மாதிரியே வட்டமாக வைத்தேன். உன் கண் மூடி இருந்தது. நீ கண்ணாடியைப் பார்க்கிற அந்தக் கொஞ்ச நேரம் நான் நின்று பார்த்தேன்.

உன் முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்தது. வீடு வெறுமையாகப் போனது. நோன்பு தொடங்கின பிறகு ஒரு நாள் நாடியா சூப் கொண்டு வந்தாள், உன் வீட்டுக்கு வந்து பழகின கால், என் கதவில் வந்து நின்றது. இரண்டு பேரும் அழுதோம். அவள் போக வெளிக்கிட, நான்தான் சொன்னேன், இனிக் கேட்பம் என்று. நீ விட்டுத் தந்துவிட்டாய்தானே. "பிறகு உங்கட விருப்பம்" என்று நீதானே சொன்னாய்.

போன கிழமை விடியப்புறம் அவள் வீட்டுக்குப் போனேன். இங்கே வெளிக்கும்போது அங்கே பகல் ஏறிவிடும், வெள்ளி சனி கந்தோர் பூட்டு, நோன்பு என்றபடியால் வெள்ளெனவே மூடுவார்கள் என்று எல்லாம் பார்த்துத்தான் போனது. நாடியா போனை மேசையில் வைத்து எல்லாருக்கும் கேட்கிற மாதிரிப் போட்டாள். ரெக்கான் பலதியாவில் இருந்து ஒரு பெட்டையின் குரல் வந்தது. நாடியா அரபியில் கதைத்தாள். அந்தப் பெட்டை சலித்துக்கொள்ளவில்லை. பழைய பதிவு, தேட வேணும், நாளைக்கு எடுங்கோ என்றாளாம்.

அடுத்த நாளும் போனேன். அந்தப் பெட்டை தேடி வைத்திருந்தாள். அவள் வாசிக்கத் தொடங்கினாள், நாடியா எனக்குச் சொல்ல முதல் எனக்குக் கேட்டுவிட்டது மச்சாள். அரபிக்கு நடுவில் எங்கட அப்பாவின்ர பேர். சகாராவுக்குள்ளே இருந்து ஒரு பிள்ளை, தன் வாயில் வராத அந்த நீளமான பேரை எழுத்தெழுத்தாகக் கூட்டிக் கூட்டி வாசிக்கிறாள். இரண்டு தரம் பிழைவிட்டு, மூன்றாம் தரம் சரியாகச் சொன்னாள். ஊரில் அப்பாவை அப்படி முழுப்பேர் சொல்லி ஒருவரும் கூப்பிட்டதில்லை.

தம்பி ரெக்கானுக்கு வந்து சேர்ந்திருக்கிறான். சொன்ன சொல்லுக்கு வந்திருக்கிறான். லொறி தரிசுக்குள் நின்றுபோய், தண்ணியில்லாமல் கிடந்தவர்களை வேறு லொறிக்காரர் ஏற்றிக்கொண்டு வந்து அந்த ஊர் ஆஸ்பத்திரியில் விட்டார்களாம். அங்கேதான் முடிந்தது. அவன் எங்களுக்குப் போன் எடுத்த அதே மாதம். ஊர்ச்சனம் சேர்ந்து தங்கட மயானத்தின் ஒரு ஓரத்தில் அடக்கம் செய்திருக்கிறார்கள்.

நாடியா அழுதாள், ஏதோ அரபியில் சொல்லி முகத்தைத் துடைத்தாள். எனக்கு அழுகை வரவில்லை. இவ்வளவு காலமும் தூக்கி வைத்திருந்த சாமானை ஆரோ இறக்கு என்று சொன்ன மாதிரி, கை இரண்டும் ஓய்ந்துபோய் மடியில் கிடந்தது. நீ லைப்ரரியில் ரெக்கானைத் தேடிப் பிடித்த நாளிலேயே அவன் ரெக்கானில்தான் கிடந்திருக்கிறான். அவ்வளவு கடிதமும் எழுத முதலே.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. வருமென்றுதான் நினைத்தேன், வரவில்லை. வந்த களைப்பில் நித்திரையாய்ப் போனேன். எழும்பினபோது எனக்குள் ஓடினது ஒன்றுதான்: நான் ஐயரிட்டப் பொய் சொல்லவில்லை. அவர் ரெக்கானில்தான் என்று சொன்னேன், அவன் ரெக்கானில்தான் இருந்தான்.

இனி மகள். அவளுக்கு என்னென்று சொல்லுவது என்று ஒரு கிழமையாகத் தெரியாமல் இருந்தேன். போனைக் கையில் எடுப்பேன், வைப்பேன். அவள் உன்னை மாதிரி, கேள்வி கேட்கமாட்டாள், ஆனால் எல்லாம் தெரியும். சின்ன வயதிலிருந்து அந்தச் சுவருக்குக் கீழே இருந்து வீட்டுப்பாடம் செய்தவள் எல்லே. வாலி எது, தாயிரா எது, பலதியாவில் என்ன இருக்கும் என்று அவளுக்குப் பாடம்.

நேற்றிரவு நான் பேரீச்சம்பழப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு இருக்க, அவளே எடுத்தாள். வேலை, பிள்ளை, காய்ச்சல் என்று கதைத்துவிட்டுக் கேட்டாள்.

"மாமி, ஏப்ரல் வருது. அம்மான்ர லெற்றர்... திஸ் இயரும் அனுப்பவோ? ஐ டோன்ட் நோ, அனுப்பாமல் விட ஒரு மாதிரி இருக்கு."

பழத்தின் கொட்டை என் வாய்க்குள் இருந்தது. எடுத்து மேசையில் வைத்தேன்.

"அனுப்பு பிள்ளை. ஆனா இந்த முறை வாலிக்கு வேண்டாம்."

"அப்ப ஆருக்கு மாமி?"

"ரெக்கான் பலதியாவுக்கு எழுது. அந்த ஊர்ச்சனத்துக்கு நன்றி சொல்லி எழுது."

அவள் வீட்டில் பிள்ளையின் கார்ட்டூன் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அதையும் ஆரோ நிற்பாட்டினார்கள்.

பிறகு, "ஓகே மாமி" என்றாள். "நாளைக்கு வாறன். அங்க இருந்து எழுதுவம்."

இன்றைக்கு வருகிறாள். புட்டு அவித்து வைத்திருக்கிறேன். என் போனிலும் இப்போது ரெக்கான் இருக்கிறது, நாடியா போட்டுத் தந்தாள். அங்கே வெயில் ஏறத் தொடங்கிவிட்டது.

உன் பொட்டை நான் அழிக்கவில்லை மச்சாள். கடிதம் போகிற கந்தோரைத்தான் மாற்றினேன்.